கணக்குக்கு ஒரு பூட்டு: ரிசர்வ் வங்கிக்கும் யுபிஐ நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

இந்திய ரிசர்வ் வங்கி அதிகாரிகளுக்கும், யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ நிறுவனத்தாருக்கும், வங்கிகளின் டிஜிட்டல் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும்

வணக்கம்.

பொதுத்துறை வங்கி ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தின் பிற்பகுதி திருப்பூர் வட்டாரக் கிளைகளில் கழிந்தது. இப்போதும் தெருவிலோ உறவிலோ யாருக்காவது கடன் கழுத்தை நெரித்தால், "நீங்க பேங்க்ல இருந்தவர்தானே, ஒரு வழி சொல்லுங்க" என்று ஸ்டேட்மென்ட்டோடு வந்து நிற்கிறார்கள். அப்படி வருகிற காகிதங்களில் பலவும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. ஆன்லைன் ரம்மி, கிரிக்கெட் பந்தயம், நிறத்தைச் சொல்லிப் பணம் வைக்கும் ஆட்டம், விமானம் பறந்து வெடிக்கும் ஆட்டம். பெயர்தான் மாறுகிறது. எல்லாவற்றுக்கும் பணம் போகும் வாசல் ஒன்றே. அந்த வாசல் உங்கள் பொறுப்பில் இருப்பதால் இந்தக் கடிதம் உங்களுக்கு.

கேட்பது இதுதான். தன் கணக்கிலிருந்து சூதாட்டத்துக்குப் பணம் போகக் கூடாது என்று நிதானமாக இருக்கும் நேரத்தில் ஒருவர் முடிவு செய்தால், அதைச் செயல்படுத்த ஒரு பூட்டு கொடுங்கள். போட்டால் அந்த நொடியே விழ வேண்டும். திறக்க வேண்டுமென்றால் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

தடைச் சட்டமே வந்துவிட்டதே, இனி எதற்குப் பூட்டு என்று கேட்பீர்கள். 2025 ஆகஸ்ட் 20-ல் மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தை நானும் படித்தேன். திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பழைய வழக்கைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் அது தடுக்கிறது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்கிறவருக்கு 2 ஆண்டு, 50 லட்சம். பணப் பரிமாற்றத்துக்குத் துணை போகும் வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் நடத்துகிறவருக்குச் சமமான தண்டனை. ஒப்புதல் வந்த சில நாட்களிலேயே பெரிய இந்திய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. நல்ல காரியம். எனக்கு அதில் மறுபேச்சு இல்லை.

ஆனால் நிறுவனம் நின்றதால் ஆடுகிற கை நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. 2003-ல் லாட்டரிச் சீட்டை ஒழித்தோம். மூன்று நம்பர் லாட்டரி விற்றவர் கைது என்ற செய்தி இன்றைக்கும் மாவட்டப் பக்கங்களில் வந்துகொண்டுதான் இருக்கிறது. சீட்டு விற்க ஒரு ஆளாவது தெருவுக்கு வர வேண்டும். அவரைப் பிடிக்க முடியும். வெளிநாட்டிலிருந்து நடக்கும் பந்தயத் தளத்துக்குத் தெருவே வேண்டாம். முகவரியை முடக்கினால் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு மறுநாள் வருகிறது. டெலிகிராம் குழுவில் புது இணைப்பு விழுகிறது. முன்பு உள்ளூர் செயலியில் ஆடியவர், அதைவிடக் கட்டுப்பாடு இல்லாத இடத்துக்குப் போய்ச் சேர்கிறார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிமுறைகளில் நல்ல அம்சங்கள் இருந்தன. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டம் கிடையாது. ஒரு மணி நேரம் தொடர்ந்து ஆடினால் எச்சரிக்கை, பிறகு அரை மணிக்கொரு தடவை. நாளுக்கு, வாரத்துக்கு, மாதத்துக்கு இவ்வளவுதான் கட்டுவேன் என்று ஆடுபவர் வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும். 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். நிறுவனங்கள் வழக்குப் போட்டன. அந்த ஆண்டு ஜூன் 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. ஆனால் அந்த இரவுப் பூட்டும் வரம்பும் சட்டத்துக்குக் கட்டுப்படும் செயலிகளுக்குத்தான். அவையே இல்லாமல் போனபின், எந்தப் பூட்டும் இல்லாத தளங்கள் மட்டும் மிச்சம். ஆட்டத்தின் பக்கம் வைத்திருந்த காவல் போய்விட்டது. மீதி இருப்பது பணத்தின் பக்கம்.

ஒரு ஸ்டேட்மென்ட்டை உங்கள் முன் விரிக்கிறேன். ஆள் யார் என்பது வேண்டாம். பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை, வாரச் சம்பளம் சனிக்கிழமை மாலை கணக்கில் விழும். இரவு 10:50-க்கு 300 ரூபாய் போகிறது. 11:15-க்கு 500. 11:32-க்கு 1,400 உள்ளே வருகிறது. அந்த இரவைக் கெடுத்தது இந்த வரவுதான். 11:34-க்கு 1,000, 11:41-க்கு 1,000, 11:58-க்கு 2,000. பன்னிரண்டு தாண்டியதும் இடைவெளி சுருங்குகிறது: 12:06, 12:09, 12:11. 12:20-க்கு ஒரு கடன் செயலியிலிருந்து 7,400 வரவு. பத்தாயிரம் கடனில் கட்டணம் என்று பிடித்தது போக வந்தது அவ்வளவு. 12:27-க்குள் அதுவும் காலி. பிறகு யாரோ ஒரு சொந்தக்காரரிடமிருந்து 2,000, அந்த நேரத்தில் என்ன சொல்லி எழுப்பிக் கேட்டாரோ. அதுவும் போனது. காலை 6:10-க்கு டீக்கடைக்கு 12 ரூபாய். மீதி இருப்பு 31 ரூபாய்ச் சொச்சம்.

ஆடுகிறவர்கள் இதை 'விட்டதைப் பிடிக்கிறது' என்பார்கள். முதல் 300 ரூபாய் பொழுதுபோக்குக்குப் போனது என்று வைத்துக்கொள்ளலாம். 11:34-க்குப் பிறகு போனதில் பொழுதுபோக்கு எதுவும் இல்லை. விட்டதைப் பிடிக்கும் ஓட்டம் மட்டுமே. அந்த வேளையில் அவரிடம் பொறுப்பாக இரு, அளவாக ஆடு என்று சொல்வதில் பயன் இல்லை. மருத்துவர்கள் இதை ஒரு நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள். உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில், போதைப் பழக்கங்களுக்கு அடுத்து, அடிமைப்படுத்தும் நடத்தைகள் என்ற தலைப்பில் சூதாட்டக் கோளாறு இருக்கிறது. கட்டுப்பாடு கைவிட்டுப் போவதுதான் அதன் முதல் அடையாளம். கட்டுப்பாடு போன ஆளிடமே கட்டுப்பாட்டுச் சாவியைக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

விளம்பரங்கள் ஓடிய காலத்தில் கடைசியில் ஒரு குரல், 'இதில் நிதி இடர் உண்டு, அடிமையாகலாம், பொறுப்புடன் ஆடுங்கள்' என்ற பொருளில் ஒரே மூச்சில் படித்து முடிக்கும். 2020 டிசம்பரிலிருந்து விளம்பரத் தர அமைப்பு அதை வலியுறுத்தியது. எச்சரித்தாயிற்று, இனி உன் பாடு என்று முழுச் சுமையும் ஆடுகிறவர் தலையில் இறங்கியது. அந்தக் குரலைக் கேட்டு ஆட்டத்தை நிறுத்திய ஒருவரை நான் சந்தித்ததில்லை. ஏடிஎம் கார்டை மனைவியிடம் கொடுத்துவிட்டு நிறுத்தியவர்களைச் சந்தித்திருக்கிறேன். ஆசைக்கும் பணத்துக்கும் நடுவே கொஞ்ச நேரம் கிடைத்தால் பலர் தப்பித்துவிடுகிறார்கள். முன்பு அந்த நேரத்தை வங்கியே கொடுத்தது, கேட்காமலேயே. சலான் எழுதி, டோக்கன் வாங்கி, காசாளர் கூப்பிடும்வரை நிற்க வேண்டும். இரவில் கிளையே திறந்திருக்காது. 2016-ல் யுபிஐ வந்தது. நான்கு அல்லது ஆறு இலக்கம் தட்டினால் போதும். கீரைக்காரம்மாவுக்கும் அது வசதி, எனக்கும் வசதி. யாரும் பழைய காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. ஆனால் மாதம் 18,000 சம்பாதிப்பவர் கணக்கிலும் நாளொன்றுக்கு 1 லட்சம் வரை அனுப்பலாம் என்பதுதான் பொதுவான வரம்பு. அவர் கேட்டு வாங்கிய வரம்பல்ல அது.

பணத்தைத் தாமதப்படுத்துவது உங்களுக்குத் தெரியாத வித்தையும் அல்ல. புதிதாக யுபிஐ பதிவு செய்தவர் முதல் 24 மணி நேரத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. நெட்பேங்கிங்கில் புதுப் பயனாளியைச் சேர்த்தால் உடனே பெருந்தொகை போகாது. சில மணி நேரம் ஆறப்போடுகிறீர்கள். கார்டுக்கு 2020 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது: உள்நாடு, வெளிநாடு, கடை, ஏடிஎம், ஆன்லைன் என ஒவ்வொன்றையும் தனித்தனியே அணைக்கவும் வரம்பு வைக்கவும் அட்டைதாரருக்கு வசதி இருக்க வேண்டும். டிஜிட்டல் கடனில், வாங்கியவர் மனம் மாறினால் குறிப்பிட்ட காலத்துக்குள் அபராதம் இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறலாம் என்று 2022 விதிகளில் சேர்த்தீர்கள். திருடனிடமிருந்தும் அவசரத்திலிருந்தும் வாடிக்கையாளரைக் காக்க நான்கு இடத்தில் வேகத்தடை போட்டிருக்கிறீர்கள். ஐந்தாவது ஒன்றைத்தான் கேட்கிறேன், அதுவும் வேண்டும் என்பவர் வீட்டு வாசலில் மட்டும்.

பிரிட்டனில் சூதாட்டம் சட்டப்படி நடக்கும் தொழில். அதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, வேண்டவும் வேண்டாம். ஆனால் அங்கே வங்கிகள் செய்ததைப் பார்க்கலாம். 2018-ல் மான்சோ என்ற வங்கி தன் செயலியில் சூதாட்டத் தடை பொத்தானை வைத்தது. தட்டினால் உடனே விழும். நீக்க வேண்டுமென்றால் வங்கி ஆளிடம் பேச வேண்டும், 48 மணி நேரம் பொறுக்க வேண்டும். மற்ற வங்கிகளும் தொடர்ந்தன. அதே நாட்டில் 2020 ஏப்ரல் 14 முதல் கடன் அட்டையில் பந்தயம் கட்டக் கூடாது என்றாயிற்று; கையில் இல்லாத பணத்தில் ஆடக் கூடாது என்பது காரணம். கேம்ஸ்டாப் என்று ஒரு பதிவேடும் இருக்கிறது. ஒருமுறை பெயர் கொடுத்தால், தேர்ந்துகொண்டபடி ஆறு மாதமோ ஓராண்டோ ஐந்தாண்டோ, உரிமம் பெற்ற எந்தத் தளமும் அவரைச் சேர்க்காது. நாமோ தடைச் சட்டத்தை நம்பி, இப்படி ஒரு பொத்தானைத் தேடாமல் இருந்துவிட்டோம்.

பொத்தானை அப்படியே இங்கே வைத்தால் வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கார்டில் கட்டும் பணத்துக்குக் கடை வகைக் குறியீடு இருக்கும். பந்தயத்துக்கு 7995. அந்த எண்ணைப் பார்த்துத் தடுத்துவிடலாம். இங்கே தடை செய்யப்பட்ட தளம் அந்த எண்ணோடு வராது. பணம் கட்டு என்றால் ஒரு க்யூஆர் வரும். அதில் ஒரு ஆளின் பெயர் இருக்கும், எங்கோ வேறு மாநிலத்துக் கிளை. பத்து நிமிடம் கழித்துக் கேட்டால் வேறு பெயர். துணிக்கடை என்றோ மொபைல் ரீசார்ஜ் என்றோ காகிதத்தில் மட்டும் இருக்கும் வியாபாரக் கணக்காகவும் இருக்கும். எல்லாம் வாடகைக் கணக்குகள். கமிஷனுக்கு ஆசைப்பட்டுப் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்துவிடும் கல்லூரிப் பையன்களின் கணக்குகளும் அதில் உண்டு. அவர்களைத் தேடிப் பிடிக்க மியூல் ஹன்டர் போன்ற கருவிகளை நீங்கள் இறக்கியிருப்பது தெரியும். அது அது பாட்டுக்கு நடக்கட்டும். நான் கேட்கும் பூட்டு, எதிர்முனையில் இருப்பது யார் என்று கண்டுபிடிக்கத் தேவையில்லாததாக இருக்க வேண்டும்.

எப்படி? ஒருவர் பூட்டைத் தேர்ந்தெடுத்தால், இரவு 10 முதல் காலை 6 வரை, அவர் இதற்கு முன் பணம் அனுப்பியிராத எந்தக் கணக்குக்கும் அவர் கணக்கிலிருந்து பணம் போகக் கூடாது. வாடகைக் கணக்குகள் அடிக்கடி மாறுவதால்தான் இந்தக் கும்பல் பிழைக்கிறது. அந்தப் பலத்தையே இந்த விதி அவர்களுக்கு எதிராகத் திருப்பிவிடும். பகலில், அவரே வைத்த நாள் வரம்பு. வரம்பைக் குறைத்தால் உடனே அமல், கூட்டினால் 48 மணி நேரம் கழித்து அமல். இப்போதும் சில வங்கிச் செயலிகளில் யுபிஐ-யை நிறுத்திவைக்கவும் வரம்பைக் குறைக்கவும் இடம் இருக்கிறது. காலையில் குறைத்த கையே நள்ளிரவில் ஓடிபி போட்டுக் கூட்டிவிடுகிறது. அதனால் அந்தத் தாமதம் இல்லாமல் மற்ற எதைச் செய்தாலும் வீண்.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளை நானே வங்கிக்காரன் என்ற முறையில் யோசித்துப் பார்த்தேன். ராத்திரியில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால்? மருத்துவமனை, மருந்துக்கடை, பெட்ரோல் பங்க் என்று வியாபாரியாகச் சரிபார்த்துப் பதிவானவற்றுக்கு விலக்குக் கொடுங்கள். பூட்டுப் போடும்போதே அவசரத்துக்கு இரண்டு மூன்று பேரைக் குறித்துக்கொள்ள விடுங்கள், அண்ணன், மச்சான் என்று. வேறு வங்கியில் இன்னொரு கணக்கு வைத்திருந்தால்? இதுதான் நிஜமான ஓட்டை. அதனால்தான் இதை ஒவ்வொரு வங்கியின் விருப்பத்துக்கு விடாமல் என்பிசிஐ மட்டத்தில், ஆளின் கைபேசி எண்ணோடும் பான் எண்ணோடும் சேர்த்துச் செய்யச் சொல்கிறேன். ஒரு செயலியில் போட்ட பூட்டு எல்லாச் செயலியிலும் விழ வேண்டும். அப்படியும் மனைவி போனை எடுத்து ஆடுகிறவர் இருப்பார். இருக்கட்டும். யாரும் நூற்றுக்கு நூறு கேட்கவில்லை. மேலே காட்டிய ஸ்டேட்மென்ட்டில் 11:34-க்கு ஒரு முட்டுக்கட்டை விழுந்திருந்தால் அந்த வாரச் சம்பளத்தில் பெரும்பகுதி வீட்டுக்குப் போயிருக்கும்.

கடன் செயலிகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. உரிமம் பெற்ற நிதி நிறுவனத்தின் கடனே ஆனாலும், நள்ளிரவில் விண்ணப்பித்து ஐந்து நிமிடத்தில் கணக்கில் விழுவதால் யாருக்கு என்ன நன்மை? வண்டி வாங்கவும் ஸ்கூல் ஃபீஸ் கட்டவும் யாரும் 12:20-க்குக் கடன் கேட்பதில்லை. பூட்டுப் போட்டவரின் பெயருக்கு இரவில் கேட்ட கடனைக் காலை பத்து மணிக்குக் கொடுங்கள். விடிந்ததும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் இருப்பார்கள் என்பது என் ஊகம். கந்துவட்டிக்காரர்கூட ராத்திரிக் கதவைத் தட்டினால் காலையில் வா என்பார்.

ஜெயித்தவர்கள் கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் அது நேராகக் கிளை மேனேஜர் மேசைக்குத்தான் வருகிறது. ஒருவருக்குப் பந்தயத்தில் சில ஆயிரம் கிடைக்கிறது. அது வருவது இன்னொரு வாடகைக் கணக்கிலிருந்து. அந்தக் கணக்கில் வேறு மாநிலத்தில் யாரோ ஏமாந்த பணமும் கலந்திருக்கும். அங்கே சைபர் புகார் பதிவானதும் பணம் போன வழியெல்லாம் முடக்க உத்தரவு வருகிறது. சம்பளக் கணக்கு முடங்கி, தவணை திரும்பி, வீட்டு வாடகைக்கு வழியில்லாமல் அவர் கவுண்டரில் நிற்கிறார். எதற்கு முடக்கினீர்கள் என்றால், அந்த மாநிலப் போலீஸைக் கேளுங்கள் என்று ஒரு கடித நகலைக் கையில் கொடுக்கிறோம். மொழி தெரியாத ஊர்க் காவல் நிலையத்துக்கு அவர் எப்படிப் பேசுவார்? பெரிய தொகை ஜெயித்தவருக்கு வேறு கதி: வரி கட்டு, சரிபார்ப்புத் தொகை கட்டு, பிறகு விடுவிக்கிறோம் என்று தளம் மேலும் பிடுங்கும். கட்டினால் அதுவும் போச்சு. கொஞ்சம் ஜெயித்ததை மட்டும் உடனே கொடுப்பார்கள், அடுத்த தடவை பெரிதாகக் கட்டட்டும் என்று.

குடும்பத்தினர் கவுண்டருக்கு வரும்போது நாம் பேசும் விதமும் மாற வேண்டும். நகைக்கடன் தணிக்கை சமயத்தில் ஒரு அம்மா வந்தார். தாலிக்கொடி தவிர எல்லாம் அடகில் இருக்கிறது, எந்தக் கிளையில் என்று கூடத் தெரியாது. கணவர் பெயரில் வைத்தது. அவர் கையெழுத்து இல்லாமல் நாங்கள் எவ்வளவு பாக்கி என்று சொல்லவும் முடியாது, பணம் கொண்டுவந்தாலும் நகையைத் தரவும் முடியாது. விதி அப்படி, அதில் தவறில்லை. கணவருடைய கணக்கு விவரத்தை அவர் அனுமதியில்லாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாதுதான். ஆனால் "அவரைக் கூட்டிட்டு வாங்கம்மா, இந்த ஃபாரத்துல கையெழுத்துப் போட்டா ராத்திரி பணம் போகாம நிறுத்தலாம்" என்று சொல்ல எங்களிடம் ஒரு ஃபாரம் இருந்ததில்லை. அந்த ஃபாரம் இருந்தால், பெரும்பாலான ஆண்கள் வந்து போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஆடுகிற எல்லோரும் நிறுத்த விரும்பாதவர்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களைப் பாருங்கள்.

சட்டத்தைப் பற்றிய பயமும் அவர்களைத் தடுக்கிறது. மத்தியச் சட்டம் ஆடுபவருக்குத் தண்டனை வைக்கவில்லை. அவரைப் பாதிக்கப்பட்டவராகவே அரசு பார்க்கிறது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. எது பொருந்தும் என்று வக்கீல்கள் வாதாடட்டும். கவுண்டரில் வந்து "எனக்கு இந்தப் பழக்கம் இருக்கு, நிறுத்தணும்" என்று சொல்கிறவருக்கு வழக்கு வராது என்ற உறுதி வேண்டும். அதனால் அந்த ஃபாரத்தில் சூதாட்டம் என்ற சொல்லே வேண்டாம். 'இரவுப் பணப்பூட்டு' என்று பெயர் வையுங்கள். போலீஸ் என்று போனில் மிரட்டிப் பணம் பறிக்கும் டிஜிட்டல் கைது மோசடிக்குப் பயந்து வயதானவர்களும் அதே பூட்டைப் போட்டுக்கொள்ளலாம். யார் எதற்குப் போட்டார் என்று வங்கி கேட்க வேண்டாம், கேட்கக் கூடாது. பூட்டுப் போட்டதை வைத்து நாளைக்குக் கடன் மறுக்கவும் கூடாது, சிபில் மதிப்பெண்ணில் அதன் நிழல்கூட விழக் கூடாது. இதை எழுத்தில் கொடுக்காவிட்டால் விவரம் தெரிந்த யாரும் பூட்டைத் தொட மாட்டார்கள்.

நீங்கள் முடிவெடுக்க நாளாகும். அதுவரை இதைப் படிக்கிற வாடிக்கையாளர்களுக்கு, இருக்கிற விதிகளை வைத்தே செய்யக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் உங்கள் கிளைகளில் சொல்லலாம். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கணக்கு தொடங்கி, இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று குறிப்பிடுங்கள். 'யாராவது ஒருவர்' என்ற வகையில் தொடங்கிவிடாதீர்கள், வழக்கமாக ஃபாரத்தில் அதைத்தான் டிக் அடித்துக் கொடுப்பார்கள். இருவரும் சேர்ந்து இயக்கும் கணக்குக்குப் பொதுவாக ஏடிஎம் கார்டும் யுபிஐ-யும் கிடைக்காது. பலர் அதைக் குறையாகச் சொல்வார்கள். உங்களுக்கு அதுதான் வேண்டும். சம்பளம் வந்த அன்றே வாடகை, மளிகை, தவணை போக மீதி அங்கே போய்விடட்டும், தானாகப் போகும்படி நிரந்தர உத்தரவு எழுதிக் கொடுத்துவிடலாம். கைச்செலவுக் கணக்கில் அந்த வாரத்துக்கு உரியது மட்டும். கைச்செலவுக் கணக்கோடு கிரெடிட் கார்டையோ கடன் வசதியையோ யுபிஐ-யில் இணைக்காதீர்கள். உங்கள் கணக்கை யார் கேட்டாலும், ஒரு நாளைக்கென்று கேட்டாலும், கொடுக்காதீர்கள். நாளை வழக்கில் பெயர் உங்களுடையதாகத்தான் இருக்கும்.

தளம் ஏமாற்றியது தெரிந்தால் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் கூப்பிட்டால்தான் பயன். விட்ட பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று கட்டணம் கேட்டு வருகிறவர் அதே கும்பலின் அடுத்த ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்குகிறது, தூக்கம் இல்லை, செத்துவிடலாமா என்று தோன்றுகிறது என்றால் 14416. டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசலாம், எந்நேரமும். தமிழ்நாட்டில் 104-லும் பேசலாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் இருக்கிறார்; ஓபி சீட்டு வாங்கிப் போனால் போதும், போலீஸ் வராது. கடன் எவ்வளவு என்பதைக் குடும்பத்தில் ஒருவரிடமாவது முழுத் தொகையாகச் சொல்லிவிடுங்கள். பாதி சொன்னவர்கள் மீதியை மறைக்க மறுபடி ஆடியதைப் பார்த்திருக்கிறேன்.

மீண்டும் உங்களிடம். இந்தப் பூட்டுக்குப் புதுத் தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம் என்று நம்புகிறேன். முன்பு பணம் அனுப்பாத கணக்கு எது என்பது உங்கள் பதிவில் இருக்கிறது. நேரம் இருக்கிறது. வரம்பு இருக்கிறது. மூன்றையும் சேர்த்து ஒரு திரையில் வைத்து, தமிழிலும் வையுங்கள். வங்கிச் செயலிகளில் முகப்பு மட்டும் தமிழாகவும் உள்ளே போனால் ஆங்கிலமாகவும் இருப்பது வழக்கம், இதில் அப்படி வேண்டாம். செயலியைத் திறந்தவுடன் தெரியும் இடத்தில் இருக்கட்டும், கடன் விளம்பரம் இருக்கும் அதே இடத்தில். போன் பயன்படுத்தத் தெரியாதவருக்குக் கிளையில் காகித ஃபாரம்.

ஐபிஎல் வருவதற்கு முன் செய்தால் நல்லது. மார்ச் முதல் மே வரை எங்கள் ஊரில் சனிக்கிழமை இரவு ஸ்டேட்மென்ட்டுகள் எப்படி இருக்கும் என்பது நீங்கள் ஒரு கிளையின் கணக்கை எடுத்துப் பார்த்தாலே தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி எழுத்தர்,
திருப்பூர்